எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கும்போது பழைய பாப் சிங்கிள் ரெக்கார்டுகளை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?

பாட்டுக்காக வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். சிங்கிள் என்றால் பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. ஏ பக்கத்தில், அதாவது முன்பக்கத்தில் இருக்கிற ஹிட் பாட்டு எதுவானாலும் தேடினால் உடனே கிடைத்துவிடும், என் ரெக்கார்டில் கேட்பதைவிடச் சத்தமும் சுத்தமாக இருக்கும். நான் வைத்திருப்பது பின்பக்கங்களுக்காக, அதாவது பி பக்கங்களுக்காக. அப்புறம், அந்தத் தட்டுகளின் மேல் யார் யாரோ விட்டுப்போன அடையாளங்களுக்காக.

பெரிய தொகுப்பு ஒன்றும் இல்லை, இரண்டு பெட்டிதான். எல்லாம் 7 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று. பாதிக்கு மேல் சித்தப்பா கொண்டுவந்தவை. அவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார், கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் அங்கே அந்த வாரம் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதை வாங்கிவந்துவிடுவார், பாடியது யார், என்ன மொழி என்றெல்லாம் பார்க்கமாட்டார். அதனால் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் படிக்கத் தெரியாத தட்டுகளும் சில உண்டு, ஆனால் அந்தப் பாட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை முணுமுணுப்பேன்.

பிளேயர் அக்காவின் கட்டுப்பாட்டில் இருந்தது. சிங்கிளோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அது உங்களைச் சாய்ந்து உட்கார விடாது. மூன்று நிமிடம் ஆனதும் ஒருவர் எழுந்து போக வேண்டும், எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். “டேய், இன்னொரு தரம் வைடா” என்பாள், நான் ஊசியைத் தூக்கி மறுபடி ஓரத்தில் வைப்பேன். அவளுக்கு எப்போதும் ஏ பக்கம்தான் வேண்டும், அதையே எட்டு தடவை கேட்பாள். அவள் அறையை விட்டுப் போனதும் நான் தட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். இப்படித்தான் பின்பக்கங்கள் என் சொத்தாயின. பிற்பாடு அவளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள், பிளேயர் முழுக்க என் கைக்கு வந்தது, கொஞ்ச நாள் ஆசை தீர ஏ பக்கங்களைப் போட்டுக் கேட்டுவிட்டு மறுபடியும் பின்பக்கத்துக்கே வந்துவிட்டேன்.

பி பக்கம் என்றால் வேண்டாததைத் தள்ளிவிடுகிற இடம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது முழுக்கத் தவறும் இல்லை. பில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர், வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பின்பக்கத்தில் யாரோ சும்மா வாசித்துப் பார்த்த மாதிரி ஒரு வாத்திய இசையைப் போட்டு நிரப்பிவிடுவார். ஆனால் திருப்பிப் போட்டவர்களால்தான் சில பாட்டுகளே பிழைத்தன. பாடகி குளோரியா கேனரின் ‘ஐ வில் சர்வைவ்’ 1978-இல் பி பக்கமாகத்தான் வெளிவந்தது, டிஸ்கோக்களில் தட்டு சுழற்றியவர்கள் அதைத்தான் போட்டார்கள். முன்பக்கப் பாட்டு என்னவென்று இன்று பத்து பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். இன்னொரு வேடிக்கை, தட்டு விற்ற கணக்கில் பாட்டு எழுதியவருக்குச் சேரும் பங்கு இரண்டு பக்கத்துக்கும் சமம். குவீன் குழுவின் ‘போஹீமியன் ராப்சடி’ 1975-இல் சிங்கிளாக வந்து விற்றுத் தீர்ந்தபோது, பின்பக்கத்துப் பாட்டை எழுதிய டிரம்மர் ரோஜர் டெய்லருக்கும் முன்பக்கத்துப் பாட்டை எழுதிய ஃப்ரெடி மெர்க்குரிக்கு வந்த அதே பங்கு வந்தது. எனக்கு அந்தச் செய்தி தெரிந்த அன்று ஒரு தனிச் சந்தோஷம்.

நடுவில் இருக்கிற பெரிய ஓட்டையைப் பற்றிப் புதிதாக வாங்குபவர்கள் கேட்பார்கள். 1948-இல் கொலம்பியா நிறுவனம் சின்ன ஓட்டையோடு எல்.பி. தட்டை, அதாவது பக்கத்துக்குப் பல பாட்டு கொள்கிற பெரிய தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் போட்டிக்கு 7 அங்குல 45-ஐ இறக்கியது, ஓட்டை ஒன்றரை அங்குலம். அடுக்கி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே விடுகிற பொறியை அந்தத் தடித்த நடுத்தண்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், அதற்குத்தான் அவ்வளவு பெரிய ஓட்டை. ஆரம்பத்தில் வகைக்கு ஒரு நிறத்தில் தட்டு போட்டார்கள், கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசைக்குப் பச்சை, குழந்தைப் பாட்டுக்கு மஞ்சள், சாஸ்திரிய இசைக்குச் சிவப்பு. பாப் பாட்டுக்குக் கிடைத்தது வெறும் கறுப்பு.

எங்கள் பிளேயரில் எல்.பி.க்கான மெல்லிய தண்டுதான், அதனால் ஓட்டையை அடைக்க அடாப்டர் வேண்டும். அது தொலைந்துபோனபோது சித்தப்பா கெட்டி அட்டையை வெட்டி ஒன்று செய்து கொடுத்தார். வட்டம் கொஞ்சம் கோணல். தட்டு நடுவில் சரியாக உட்காராவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி மேலே போய்க் கீழே வரும், நீட்டிப் பிடிக்கிற பியானோ சுரத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். ஒரு பாட்டை நான் வருடக்கணக்கில் அந்த அலைச்சலோடுதான் கேட்டேன், பாடகர் வேண்டுமென்றே அப்படிப் பாடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நல்ல அடாப்டர் வாங்கிப் போட்டுக் கேட்டபோது பாட்டு சப்பென்று இருந்தது. அந்த அட்டை வட்டம் இன்னும் பெட்டியில் இருக்கிறது, அந்த ஒரு தட்டுக்கு மட்டும் அதைத்தான் போடுவேன்.

பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ கதை வேறு. 1968-இல் ஆப்பிள் லேபிளில் வந்த சிங்கிள், முன்பக்கத்தில் முழுப் பச்சை ஆப்பிள், திருப்பினால் பாதியாக வெட்டிய ஆப்பிள். பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல். இவ்வளவு நீளத்தை 7 அங்குலத்தில் அடக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தத்தையும் குறைக்க வேண்டும், அதனால்தான் 1971-இல் வந்த, இதைவிடவும் நீளமான ‘அமெரிக்கன் பை’ பாட்டை இரண்டு துண்டாக்கி முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி மறுபக்கம் என்று போட்டார்கள். என்னிடம் இருக்கிற ‘ஹே ஜூட்’ தட்டில் கடைசிக் கோரஸ் நடுவே ஒரு கீறல், ஊசி இரண்டு மூன்று சுற்று தாண்டிக் குதிக்கும். ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிற இடமாதலால் வீட்டில் யாருக்கும் அது தெரியவே இல்லை. ஊசி கிடந்து குதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் சொன்ன அடையாளங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு காதல் பாட்டுத் தட்டு. யாரிடமிருந்து சித்தப்பாவுக்கு வந்ததோ, பழைய தட்டுதான். லேபிளில் ஓட்டைக்கு மேலே நீலப் பேனாவில் ஒரு பெண் பெயர், அதை ஒரே கோடாக அடித்திருக்கிறது. அடித்ததற்குக் கீழே இன்னொரு பெண் பெயர். மை வேறு, கையெழுத்து அதே கையெழுத்து. முதல் பெயரில் எழுத்துகள் நிதானமாகச் சுழித்துப் போகின்றன, இரண்டாவது அவசரமாகச் சாய்ந்திருக்கிறது. அக்காவும் நானும் இதற்கு எத்தனை கதை கட்டியிருப்போம்! கொடுக்காமலே போனாரா, கொடுத்துத் திரும்பி வந்ததா, இரண்டாமவளுக்கு அந்தக் கோடு கண்ணில் படாதா? அக்காவின் கட்சி, இரண்டும் தங்கைமார் பெயர், சண்டை போட்டுப் பெயர் மாற்றியிருப்பார்கள் என்பது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டு விற்பவர்களைக் கேட்டால் லேபிளில் எழுத்து இருந்தால் மதிப்பு குறைவு என்பார்கள். குறையட்டும்.

எழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும் பாருங்கள், அதை விளக்கில் சாய்த்துப் பிடித்துப் பார்க்காதவர்கள் இனியாவது பாருங்கள். எண்களோடு சில சமயம் மூலத்தட்டை, அதாவது மற்றத் தட்டுகளை அச்சடிப்பதற்கான முதல் தட்டை வெட்டியவரின் கையொப்பமே இருக்கும். ஜார்ஜ் பெக்கம் என்பவர் தான் வெட்டிய தட்டுகளில் ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று கீறிவிடுவார். அப்படி ஒன்றை என் பெட்டியில் கண்டுபிடித்த அன்று இரண்டு பெட்டியையும் கொட்டி எல்லாத் தட்டையும் விளக்கில் காட்டிப் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு வாங்கிச் சேர்க்கலாம் என்று யாருக்காவது தோன்றினால் இரண்டே வார்த்தை. நிமிர்த்தி நிற்க வையுங்கள், படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், வெயில் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்காவில் வந்த பழைய சிங்கிள்களில் நிறைய, வழக்கமான வினைல் பிளாஸ்டிக் அல்ல, பாலிஸ்டைரீன் என்கிற வேறு பிளாஸ்டிக். எடை குறைவாக, விறைப்பாக இருக்கும், லேபிள் மேலே ஒட்டியது போலத் தெரியும். தேய்ந்த ஊசியை அதில் வைத்தால் சீக்கிரமே இரைச்சல் ஏறிவிடும், பிறகு எவ்வளவு கழுவினாலும் போகாது.

டிஜிட்டலாக மாற்றிவிட்டுத் தூக்கிப்போடலாமே என்றும் கேட்பார்கள். எங்கேயும் கிடைக்காத சில பின்பக்கங்களை மாற்றி வைத்திருக்கிறேன், அக்காவுக்கும் அனுப்பினேன், இதெல்லாம் நம் வீட்டில் இருந்ததா என்று கேட்டாள். இப்போது அவள் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள், தொகுப்புக்கு ஒரு பட்டியல் போட்டுத் தருகிறேன் மாமா என்று உட்கார்ந்து ஒரு பெட்டி முழுக்க எழுதியும் விட்டாள். வாங்கிப் பார்த்தால் அத்தனையும் ஏ பக்கம். மறுபடி முதலிலிருந்து எழுதச் சொல்லியிருக்கிறேன், முறைத்துக்கொண்டு திரிகிறாள்.