பேனாக்கத்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி இருக்கும் என்று முன்பொரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். எந்தக் கத்தி என்று எழுதவில்லை. யூடியூபில் மாதக்கணக்கில் கத்தி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, கடைசியில் எஸ்30வி என்ற எஃகு வகையில் செய்த மடக்குக்கத்தி ஒன்றை வாங்கினேன். கட்டைவிரலால் தள்ளினால் ‘டக்’கென்று திறந்து, தானாக மடங்காதபடி லாக் ஆகும். பார்க்க அழகு. ஆனால் பாக்கெட்டில் போட்டால் கனக்கிறது. இப்போது மேஜை டிராயரில் தூங்குகிறது. பார்சல் பிரிக்க வேண்டுமென்றால் பழையபடி சாவியைத்தான் எடுக்கிறேன். வீட்டில் வேறு, ‘யாரைக் குத்தப் போறீங்க?’ என்று கேட்கிறார்கள்.

நீங்கள் வைத்திருப்பது எது? லாக் இல்லாத கத்தி ஆபத்தில்லையா? ஓப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தி பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பன்னிரண்டு வயது மகன் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். கொடுக்கலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே சரியான கேள்வி உங்கள் வீட்டார் கேட்டதுதான். கத்தியைப் பையில் வைத்திருப்பது பாதி விஷயம். நாலு பேர் நடுவில் அதை எடுத்துத் திறப்பது மீதிப் பாதி. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு பெட்டியின் டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவப் போகிறீர்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம், கறுப்பு அலகு, ஊசி முனை. மனிதர் ஓரடி பின்னால் போய்விடுவார். அதே வேலைக்கு ஒரு சின்னக் கத்தியை எடுத்து, அலகின் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் மெதுவாகப் பிரித்தால் ‘கொடுங்க, நானே வெட்டிக்கிறேன்’ என்று கை நீட்டுவார். கூர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

என்னிடம் இருப்பது விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் கேடட். அலுமினியப் பிடி, மடக்கினால் 84 மில்லிமீட்டர் நீளம், எடை ஐம்பது கிராமுக்குள். ஒரு அலகு, ஒரு நக அரம், டின் திறக்க ஒன்று, பாட்டில் மூடி திறக்க ஒன்று. கடைசி இரண்டின் முனையும் ஸ்க்ரூடிரைவராக வேலை செய்யும். நக அரத்துக்குப் பதில் வேறு ஏதாவது வைத்திருக்கலாம் என்பது என் பழைய புகார். மற்றபடி குறை ஒன்றுமில்லை. பாக்கெட்டில் இருப்பதே தெரியாது என்பதுதான் அதன் முதல் தகுதி. டிராயரில் இருக்கும் கத்தி எந்த எஃகாக இருந்தால் என்ன?

விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் பட்டறை போட்டார். 1891-இல் சுவிஸ் ராணுவ வீரர்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கத்தி உறுதியானது, ஆனால் கனம். அதனால் 1897-இல் இன்னும் இலேசான ஒன்றைப் பதிவு செய்தார். அதில் அவர் செய்த வேலை சின்னது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. முதுகில் இருக்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்கும், கத்தியின் ஒரு பக்கத்துக் கருவிகளையும் மறுபக்கத்துக் கருவிகளையும் சேர்த்துப் பிடிக்கும்படி அமைத்தார். ஆறு கருவிகளுக்கு இரண்டே ஸ்பிரிங். இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கத்திகள் எல்லாமே அந்த ஏற்பாட்டின் வாரிசுகள். பாக்கெட்டுக்கான கத்தியில் எதைச் சேர்ப்பது என்று யோசிப்பவர்களைவிட எதைக் குறைப்பது என்று யோசிப்பவர்களை நான் நம்புவேன்.

எஃகுக்கு வருவோம். வீடியோக்காரர்கள் உங்களுக்கு எஃகின் பெயரைச் சொன்னார்கள், அலகின் தடிமனைச் சொல்லவில்லை. வெட்டுவது என்னவோ தடிமன்தான். அதாவது, கூர் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது. ஒரு கேரட்டை உங்கள் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பாதி வரை போகும், அப்புறம் ‘படக்’கென்று விண்டு போகும். கத்தி அதை வெட்டவில்லை, ஆப்பு மாதிரி பிளந்திருக்கிறது. மெல்லிய அலகு அடிவரை சத்தமில்லாமல் இறங்கும். தடித்த அட்டைப் பெட்டியிலும் இதேதான்: கூர் உள்ளே போய்விடும், அதற்கு மேலே அலகு தடிக்கிற தோள் சிக்கிக்கொள்ளும். கேடட்டின் அலகு முதுகுப் பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். முரட்டு மடக்குக்கத்திகளில் மூன்றரை, நான்கு என்று போகிறது. கதவை நெம்புகிறவனுக்கு அது தேவைப்படலாம்.

எஸ்30வி மோசமான எஃகு என்று சொல்ல மாட்டேன். ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கார்பன், 14 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம். அந்த வனேடியம் எஃகுக்குள் மிகக் கடினமான கார்பைடு துகள்களாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கூர் நீண்ட நாள் நிற்கிறது. அதனாலேயே மழுங்கினால் தீட்டுவதும் கஷ்டம்: வழக்கமான அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லைவிட அந்தத் துகள்கள் கடினம். உங்கள் கத்திக்கு டயமண்ட் தகடு வாங்கிக்கொள்ளுங்கள், பாதி மனத்தாங்கல் தீரும். என் கத்தியின் எஃகு அதைவிட மிருதுவானது, சீக்கிரம் மழுங்கும். ஆனால் ஒரு சாதாரணக் கல்லில் ஒரு கோப்பைக் காபி ஆறுவதற்குள் பழைய பதம் வந்துவிடும். தினசரிக்கு இது போதும் என்பது என் கட்சி. நாளெல்லாம் அட்டைப் பெட்டியாக அறுத்துக் குவிக்கும் கிடங்கில் வேலை செய்பவர் வேறு கட்சியில் இருப்பார். அவர் பக்கம் நியாயம் உண்டு.

தீட்டத் தெரியாதென்றால் எந்தக் கத்தியும் சில மாதக் கத்திதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கூரின் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். கல்லில் இரண்டு தடவை இழுத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் கத்தியைப் படுக்க வைத்துவிட்டீர்கள். கூர் விளிம்பில் மட்டும் போயிருந்தால் தூக்கிவிட்டீர்கள். சரிவு முழுக்கப் போனால் கோணம் சரி. பக்கத்துக்கு இருபது டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கி, கூருக்குக் குறுக்காக வெளியே வழித்தால் தட்டுப்படும். அடியிலிருந்து நுனி வரை தட்டுப்பட்டால்தான் மறுபக்கத்துக்குத் திருப்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பே பொறுமையிழந்து திருப்பிவிடுகிறார்கள். ‘எனக்குச் சாணை வராது’ என்று சொல்கிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு வராதது இந்த ஒரு பொறுமைதான். கடைசியில் அந்தப் பிசிறை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கை அழுத்தமே இல்லாமல் இழுத்து எடுத்துவிட வேண்டும். தோல் பட்டையில் நாலு இழுப்பு இழுத்தால் இன்னும் நல்லது.

லாக். இதில் உங்களைச் சற்று குழப்பிவிட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒன்றை வெட்டும்போது அந்தப் பொருள் கூரின் மேல் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அலகைத் திறக்கிற திசையில்தான் இருக்கும், மூடுகிற திசையில் இல்லை. எனவே சாதாரண வெட்டுக்கு லாக் வேண்டியதில்லை, ஸ்பிரிங்கின் பிடிப்பு போதும். மூடிக்கொள்ளும் ஆபத்து இரண்டு சமயங்களில் வரும். ஒன்று, முனையால் குத்தித் துளைபோடும்போது. இன்னொன்று, மரத்தில் இறுகிய அலகை ஆட்டி ஆட்டிப் பிடுங்கும்போது. லாக் இல்லாத கத்திக்காரன் இந்த இரண்டையும் செய்ய மாட்டான், அல்லது ஒரே தடவை செய்வான். லாக் இருக்கிறது என்ற தைரியத்தில் செய்கிறவன்தான் பெரிதாக வெட்டிக்கொள்கிறான், ஏனென்றால் எந்த லாக்கும் ஒருநாள் தேயும், அழுக்கடையும். பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு அலகைத் தாங்கிப் பிடிக்கும் லைனர் லாக் வகையில் மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

லாக் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி 1964-இல் வந்தது, முதுகில் லாக் வைத்த மடக்குக்கத்திக்கு அதுதான் இலக்கணம். வேட்டைக்காரர்களுக்கானது, இருநூறு கிராம். கூடவே இடுப்பில் மாட்ட உறை கொடுத்தார்கள். இது பாக்கெட்டுக்கு ஆகாது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

லாக் சட்டத்திலும் வந்து நிற்கும். பிரிட்டனில் லாக் ஆகாத, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். லாக் ஆகிவிட்டால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து லாக் ஆகும் கத்தியோடு வெளியே நடமாடவே தகுந்த காரணம் வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியையும் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

ஓப்பினெல் எனக்குப் பிடித்த கத்தி, ஆனால் பாக்கெட்டில் அல்ல. ஜோசப் ஓப்பினெல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் செய்தது. பீச் மரப்பிடி, அலகு, ஆணி. 1955-இல் திருகிப் பூட்டும் ஒரு வளையம் சேர்ந்தது. 8-ஆம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். மெலிவு என்றால் அப்படியொரு மெலிவு, வெட்டுகிற விஷயத்தில் என் கேடட்டை அது தோற்கடித்துவிடும். சிக்கல் மரத்தில்தான். ஈரம் பட்டால் பிடி ஊதும், அலகு உள்ளேயே இறுகிக்கொள்ளும். நகம் உடைந்தாலும் வராது. வளையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிடியின் பின்கட்டையைக் கடினமான எதிலாவது தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், அதைப் பிடித்து இழுக்கலாம். சவோய்க்காரர்களின் பெயரிலேயே வழங்கும் வித்தை அது. கார்பன் ஸ்டீல் வாங்கினால் துருவும் உங்கள் பொறுப்பு. துடைக்காமல் மடக்கினால் மறுநாள் புள்ளி புள்ளியாகத் தெரியும். வியர்க்கிற உடம்பின் பாக்கெட்டுக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. சமையல் மேடையிலோ முகாமிலோ வைத்துக்கொள்ள ஓப்பினெல் வாங்குங்கள். பாக்கெட்டுக்கு வேண்டாம்.

மகனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஓப்பினெல்லிலேயே 7-ஆம் எண்ணில் முனையை உருட்டிவிட்டுச் சிறுவர்களுக்கென்று ஒன்று செய்கிறார்கள். வளையப் பூட்டு இருப்பதால் விரல் மேல் மூடாது. சிறுவர்களுக்கு லாக் வேண்டும் என்று சொல்வேன், வெட்டும் திசை கைக்குப் பழகியிருக்காது. முதல் வேலையாக ஒரு பென்சிலைச் சீவக் கொடுங்கள். உட்கார்ந்துகொண்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலுக்கு வெளியே, உடம்பை விட்டு விலகிப் போகும்படி சீவ வேண்டும். கை நீட்டும் தூரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. இன்னொருவரிடம் கொடுக்கும்போது மடக்கிக் கொடுக்க வேண்டும். கத்தி எப்போதும் கூராக இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள், மொண்ணைக் கத்தியை அவன் அழுத்துவான், அழுத்தினால் வழுக்கும். எப்படியும் ஒரு தடவை கையைக் கீறிக்கொள்வான். பிளாஸ்திரி எங்கே இருக்கிறது என்று முன்பே காட்டிவிடுங்கள், அதற்காகக் கத்தியைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

அன்புடன்.