கோளரங்கத்துக்குப் பிள்ளைகளோடு போக அஷ்டமியே நல்ல நாள்

கேள்வி: கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு, தொலைநோக்கியில் வானம் காட்டும் ஒரு நாளாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போக நினைக்கிறோம். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4, இருட்டென்றாலே பயம். எந்த நாளில் போகலாம்? வீட்டுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கும் யோசனையும் இருக்கிறது.

பதில்: முதலில் தினசரி காலண்டரில் திதியைப் பாருங்கள். வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிக்குள் வரும் நிகழ்ச்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அஷ்டமிதான் இதற்கு முதல் தரம்: பொழுது சாயும்போதே அரைநிலவு உச்சியில் நிற்கும், வெயில் பக்கவாட்டில் விழுவதால் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டை ஒட்டிப் பள்ளங்களின் நிழல் நீளமாக, தெளிவாகத் தெரியும். பௌர்ணமியில் நிழலே இருக்காது, கண்தான் கூசும். அமெரிக்காவில் 1973-இல் தொடங்கிய வானியல் தினத்தைக்கூட அரைநிலவை ஒட்டி வரும் சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். நம்முடைய தேசிய விண்வெளி தினம் சந்திரயான்-3 இறங்கிய ஆகஸ்ட் 23, தேதி மாறாது, அதனால் அன்று நிலவு எப்படி இருக்கும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், போதாததற்குச் சென்னையில் அது மேகம் சூழும் மாதம். அன்று போங்கள், ஆனால் நிலவைக் காட்டுவதாகப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மதியத்துக்கு மேல் போய், கோளரங்கக் காட்சியை முதலில் முடித்துவிடுங்கள். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள், புரியாத மொழியில் இருட்டில் உட்காரச் சொன்னால் எந்தக் குழந்தையும் அழும். சின்னவனிடம் "விளக்கை அணைப்பாங்க, அப்புறம் நட்சத்திரம் வரும்" என்று முன்கூட்டியே சொல்லி, கதவுக்குப் பக்கத்தில் ஓர இருக்கையாகப் பிடியுங்கள். வானம் சுழலும்போது சிலருக்குத் தலை சுற்றும், கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் சரியாகிவிடும். அப்படியும் அவன் மிரண்டால் விட்டுவிடுங்கள், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. அதுவும் வானியல்தான், பட்டப்பகலில் வாசலிலேயே காட்டலாம்.

காட்சி முடிந்ததும் வெளியே அறிவியல் பூங்காவில் ஓடவிட்டு, வயிற்றுக்கு ஏதாவது கொடுத்த பிறகு தொலைநோக்கி வரிசைக்கு வாருங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், குழாயைத் தொட்டால் படம் ஆடும். ஒன்றுமே தெரியாமல் "பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், அதனால் "எந்தப் பக்கம் இருட்டா இருக்கு?" என்று கேளுங்கள், பதில் வந்தால் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கைபேசியில் வரும் கலர் படம் மாதிரி எதுவும் இருக்காது, சனி ஒரு குட்டிப் பொட்டு, அதைச் சுற்றி வளையம், அவ்வளவுதான் என்று பெரியவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொலைநோக்கி இப்போது வேண்டாம். பெட்டியில் "450 மடங்கு" என்று போட்டிருப்பதை நம்பவே வேண்டாம், 60 மி.மீ. லென்ஸுக்கு 120 மடங்குக்கு மேல் போனால் வெறும் மங்கல்தான். அந்தப் பணத்தில் ஒரு 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) வாங்குங்கள். நிலவின் பெரிய பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம், கையை எதிலாவது ஊன்றிக்கொண்டால் வியாழனின் 4 நிலவுகள் வரைக்கும் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம், ஆனால் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும், பகலில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சனியின் வளையம் பைனாகுலரில் தெரியாது, அதற்கு மறுபடியும் கோளரங்க வரிசையில்தான் நிற்க வேண்டும்.