தலைவலியா என்று கேட்டதில் தப்பே இல்லை, தங்கச்சி

நீங்கள் எழுதியது இதுதான். இங்கிலாந்தில், லீட்ஸ் நகர ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். அடுத்த மாத ரோட்டாவை, அதாவது டியூட்டிப் பட்டியலை, பார்த்துக்கொண்டிருந்த வார்டு சிஸ்டர் (வார்டின் தலைமை நர்ஸ்) நெற்றியைச் சுருக்கி, "ஐ காண்ட் கெட் மை ஹெட் ரவுண்ட் திஸ்" என்றார். நீங்கள் தலைவலியா, தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் 7 வாங்கியிருந்தும், அன்றிலிருந்து ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிற ஹேண்டோவரில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலை என்ற சொல் காதில் விழுந்தது, எதிரே ஒருவர் முகம் சுருங்கியது. எந்த நல்ல நர்ஸும் கேட்பதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்காக ஒரு நிமிஷம்கூடக் கூச்சப்பட வேண்டாம்.

அந்தப் பேச்சுக்கு அர்த்தம், 'இது எனக்குப் பிடிபடவில்லை' என்பதுதான். நம் தமிழில் விஷயம் நம்மிடம் வரும்; மண்டையில் ஏறும், மனசில் பதியும். இவர்கள் பேச்சில் விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கும், தலைதான் போய் அதைச் சுற்றி வளைக்க வேண்டும். அமெரிக்காவில் 'கெட்'டுக்குப் பதில் 'ராப்' என்பார்கள், சால்வையைச் சுற்றுகிற மாதிரி. இங்கே பெரும்பாலும் 'கெட்'. நமக்கோ புரியாதபோது தலையே சுற்றும்! அதனால்தான் கேட்டவுடன் நம் மனசு தலைசுற்றல், தலைவலி என்று ஓடுகிறது.

நோயாளிகளிடமும் இதை நிறையக் கேட்பீர்கள். எங்கள் வார்டில் ஒரு பெரியவர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாள் 4 மில்லிகிராம், மறுநாள் 5. அந்த மருந்தின் அளவைக் குறித்து வைக்கும் மஞ்சள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இதே வார்த்தையைச் சொன்னார். 'மறுபடி ஒருதடவை பொறுமையாகச் சொல்லு' என்றுதான் அதற்கு அர்த்தம். கிண்ணத்திலிருந்து மாத்திரைகளை ஒரு டிஷ்யூ மேல் வைத்துக் காட்டினேன். பழுப்பு ஒன்று, நீலம் ஒன்று: 1-உம் 3-உம், இன்றைக்கு 4. நாளைக்கு இளஞ்சிவப்பு ஒன்றே போதும், அதுவே 5. மூன்றாவது தடவை அவரே விரலால் தொட்டுத் தொட்டு எனக்குச் சொல்லிக்காட்டினார்.

இதே வார்த்தைக்கு இன்னொரு முகம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் 2003-இல் வந்தவள். வந்த இரண்டாம் வருஷம், என்னோடு நைட் பார்த்த ஒருவரின் கணவர் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வாசலிலேயே விழுந்து இறந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். டீ ரூமில் என் எதிரே ஒரு பழுப்பு உறையை வைத்துக்கொண்டு, "ஐ ஜஸ்ட் காண்ட் கெட் மை ஹெட் ரவுண்ட் இட்" என்றார். காகித வேலை புரியவில்லை போல என்று நினைத்தேன். இறப்புச் சான்றிதழ் எத்தனை பிரதி வாங்க வேண்டும், பேங்குக்கு எது, பென்ஷனுக்கு எது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஐ நோ, லவ்" என்று மட்டும் சொன்னார்.

'இன்னும் நம்பவே முடியலையே' என்று அழுதிருக்கிறார். அப்பா போனபோது எங்கள் அம்மா எத்தனை தடவை சொன்ன வார்த்தை அது! தமிழில் சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதனால் யாராவது இப்படிச் சொன்னால், எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கண் தாளிலோ கம்ப்யூட்டரிலோ இருந்தால் விளக்கம் தேவை, உதவட்டுமா என்று கேட்கலாம். சாவு, கான்சர், பிள்ளை வீட்டை விட்டுப் போனது என்றால் எதையும் விளக்க வேண்டாம். ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு உட்காருங்கள், அது போதும்.

நீங்களும் இதைச் சொல்லலாம். புது சிஸ்டம், புது ஃபார்ம் என்றால் "ஐ'ம் ஸ்டில் கெட்டிங் மை ஹெட் ரவுண்ட் இட்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். கற்றுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஆனால் மருந்து, டோஸ், ஃபோனில் டாக்டர் சொல்வது, இந்த இடத்தில் மட்டும் எந்த அலங்காரப் பேச்சும் வேண்டாம். புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று நேராகக் கேளுங்கள். ஊரில் சீனியர் முன்னால் தலையாட்டிப் பழகிவிட்டோம். இங்கே புரியாமல் தலையாட்டினால் நோயாளிக்குத்தான் ஆபத்து. நம் திறமையின் எல்லை தெரிந்து வேலை செய்ய வேண்டும் என்று நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது.

சிரித்தவர்களைப் பற்றி: அவர்களில் ஒருவரிடமே நாளைக்குப் போய், "அன்றைக்கு சிஸ்டர் சொன்னது இப்போது புரிந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கிருந்தே தொடங்கும். அப்புறம் என்ன ஆச்சு என்று எனக்கு எழுதுங்கள். செவ்வாயும் புதனும் எனக்கு நைட் இல்லை, மனசு சரியில்லை என்றால் கூப்பிடுங்கள்.