மிஷன் பயணத்துக்காகக் கல்விக் கட்டணச் சேமிப்பை எடுக்கலாமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் மாணவர் ஜெபக்குழுவிலிருந்து ஒரு அணி அடுத்த விடுமுறையில் மூன்று வாரம் வெளிநாட்டு மிஷன் பயணம் போகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று தொகை சொல்லிவிட்டார்கள். இன்னும் பத்து மாதம் இருக்கிறது. பகுதிநேர வேலையில் நான் சேர்த்திருப்பது அதில் பாதிக்கு வரும். ஆனால் அது கடைசி ஆண்டுக் கட்டணத்துக்கென்று ஒதுக்கியது. அதை எடுக்கலாமா, கடன் வாங்கலாமா? சபையில் கேட்கச் சொல்கிறார்கள், கையேந்துவதுபோல் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கட்டணப் பணத்தைத் தொடாதீர்கள். கடனும் வேண்டாம், அதிலும் கிரெடிட் கார்டு கடன் வேண்டவே வேண்டாம். பயணம் மூன்று வாரத்தில் முடிந்துவிடும், வட்டி அப்படி முடியாது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் கட்டணத்துக்குத் தடுமாறுகிற நிலைக்கு உங்களைத் தள்ளிவிட்டு ஒரு ஊழியம் நடக்க வேண்டியதில்லை.

கேட்பதில் கூச்சப்படாதீர்கள். கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து தன் கையால் சம்பாதித்த அதே அப்போஸ்தலன் பவுல்தான், பிலிப்பி சபை அனுப்பிய உதவியை ஒருமுறைக்கு மேல் நன்றியோடு வாங்கிக்கொண்டார். ஸ்பெயினுக்குப் போக நினைத்தபோது, வழியனுப்பி உதவும்படி ரோமாபுரி சபைக்கு எழுதவும் செய்தார். உழைப்பதும் கேட்பதும் அவருக்கு ஒன்றுக்கொன்று எதிரானவையாக இருக்கவில்லை. நீங்களும் அப்படியே செய்யலாம். இந்தப் பத்து மாதத்தில் புதிதாகச் சம்பாதிப்பதில் மாதாமாதம் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்காவது உங்கள் உழைப்பிலிருந்து வந்தால், மற்றவர்களிடம் கேட்கும்போது குரல் தயங்காது.

ஆனால் கேட்பதற்கு முன்னால் உண்மையான தொகை எவ்வளவு என்று தெரிய வேண்டும். குழு சொன்னதில் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு பெரும்பாலும் அதில் இருக்கும். பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி, காப்பீடு ஆகியவை பல குழுக்களில் அவரவர் செலவு. பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் தேதியைப் பாருங்கள். பல நாடுகள் உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்கின்றன. இன்னொரு செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை: அந்த மூன்று வாரம் வேலைக்குப் போகாததால் இழக்கும் சம்பளம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் பணத்தைவிட நாள்கள்தான் இறுக்கும். ஹெபடைடிஸ் பி வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசி, முடிய ஆறு மாதம். மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்கிற நாடாக இருந்தால், முதல்முறை ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்தச் சான்று செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால் ஒருமுறைச் செலவுதான். மலேரியா உள்ள பகுதி என்றால் மாத்திரைக்கும் தொகை ஒதுக்குங்கள். சில வகையைத் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும், சிலவற்றுக்கு ஒரு வாரம் போதும். எது என்பதை மருத்துவர் சொல்லட்டும், ஆனால் முழு அளவுக்கும் பணம் வைத்துவிடுங்கள். நடுவில் நிறுத்தினால் பாதுகாப்பே போய்விடும்.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அவசரத்தில் வேறு நாட்டு மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் விலக்குகளைப் படியுங்கள். கட்டட வேலை, உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை போன்றவற்றைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. உங்கள் அணி பள்ளிக்கூடச் சுவர் எழுப்பப் போகிறது என்றால் இது சின்ன விஷயமில்லை. விசாவும் அப்படித்தான். சுற்றுலா விசாவில் மத ஊழியம் செய்ய அனுமதிக்காத நாடுகள் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டால் போட்ட பணம் மொத்தமும் போகும், அங்குள்ள விசுவாசிகளுக்கும் தொல்லை வரும். எந்த விசா என்று குழுவிடம் நேராகக் கேளுங்கள்.

தொகை தெளிவானதும் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: "என் பங்குக்கு நூற்றில் இருபத்தைந்தை நான் உழைத்துக் கட்டுகிறேன். மீதி எழுபத்தைந்துக்கு உங்கள் உதவியைக் கேட்கிறேன். முன்பணம் கட்டும் கடைசி நாள் (தேதி). பணம் தர முடியாவிட்டால் எனக்காக ஜெபியுங்கள், அதற்கும் நன்றி." எவ்வளவு, எதற்கு, எப்போதைக்குள் என்ற மூன்றும் தெரிந்தால், கொடுப்பவர் தன் வசதியைப் பார்த்து முடிவு செய்வார். "முடிந்ததைக் கொடுங்கள்" என்று மட்டும் எழுதினால் பலரும் அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார்கள். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்களுக்குத் தொகையைக் குறிப்பிடாமல் ஜெபக் கடிதம் மட்டும் அனுப்புவது நல்லது என்பது என் கருத்து. அவர்கள் தங்கள் சக்திக்கு மீறிக் கொடுத்துவிடுவார்கள்.

பணம் கூடியவரை குழுவின் அமைப்புக் கணக்குக்கே நேராகப் போகட்டும், ரசீது அவர்கள் தரட்டும். கொடுப்பவருக்கு வரிச் சலுகை உண்டா என்று அந்தந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். அமைப்பிடம் கேட்காமல் நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். எருசலேமுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுல், யாரும் குறை சொல்ல இடம் வைக்காமல் தன் உடன் ஊழியர் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் அனுப்பினார். நீங்களும் ஒரு நோட்டில் பெயர், தேதி, தொகை எழுதி, அணியில் இன்னொருவரை மாதம் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் அமைப்பிடம் மூன்று பதில்கள் எழுத்தில் வேண்டும். தொகை சேராவிட்டால் என்ன? உடல்நலம் காரணமாக நான் விலகினால் எவ்வளவு திரும்பும்? அதிகமாகச் சேர்ந்தால் அது எங்கே போகும்? குழுவாக எடுக்கும் டிக்கெட்டில் பெயர் மாற்றுவது பெரும்பாலும் கடினம், ஆகவே இரண்டாவது கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. இந்தப் பதில்களைக் கடிதத்திலும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தேவைக்கு மேல் சேர்ந்ததை வசதி குறைந்த அணித்தோழருக்கு மாற்றுவதானால், கொடுத்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே போன பிறகு கார்டில் செலுத்தும்போது, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். புறப்படும் முன் வங்கிக்குத் தகவல் கொடுங்கள், ரொக்கத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று தனியே வைத்து, அதைச் செலவழிக்கும் முன் அணித்தலைவரிடம் சொல்லுங்கள்.

திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள், கொடுத்த ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மிஞ்சியது என்று எழுதிவிடுங்கள். எதிர்பார்த்த வேலை நடக்காமல் போயிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.