பழைய கணினியை விற்கும் முன்: தரவு அழிப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): மடிக்கணினியை விற்கப்போகிறேன். ஃபார்மட் செய்தால் போதாதா?

பதில்: போதாது. விரைவு ஃபார்மட் என்பது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது; கோப்புகள் இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில், ஃபார்மட் செய்தது என்று சொல்லி விற்ற பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, இலவச மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவரின் பான் அட்டை நகலும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும், காதுகுத்துப் படங்களும் வந்துவிட்டன. தாய்மாமன் மடியில் வாய்விட்டு அழுத அந்தக் குழந்தையின் படத்தைக் கண்டதும் மேலே பார்க்க மனம் வரவில்லை. முழு டிஸ்கையும் அழித்தேன். அமெரிக்காவில் கார்ஃபிங்கல், ஷேலட் ஆகிய இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்விலும், வேலை செய்த 129 பழைய டிஸ்க்குகளில் 12 மட்டுமே முறையாக அழிக்கப்பட்டிருந்தன.

ஹார்ட் டிஸ்க் என்றால், பென் டிரைவிலிருந்து என்வைப் (nwipe) என்னும் அழிப்பு மென்பொருளைப் போன்ற ஒன்றை இயக்கி, முழுப் பரப்பிலும் ஒரு முறை பூஜ்யம் எழுதுங்கள். அதற்கு முன் நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்தும் பாருங்கள்.

கேள்வி (மதுரை): ஒரு முறை எப்படிப் போதும்? 35 முறை எழுத வேண்டும் என்றல்லவா படித்தோம்?

பதில்: அது கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்று புழக்கத்தில் இருந்த பலவகை டிஸ்க்குகளின் குறியீட்டு முறைகள் அனைத்துக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. எந்த ஒரு டிஸ்குக்கும் 35 முறையும் தேவையில்லை என்று அவரே பின்னர் விளக்கினார். ஒரு டெராபைட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் என்றாலும், 35 சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும்.

கேள்வி (மீண்டும் மதுரை): நுண்ணோக்கி வைத்து மீட்கலாம் என்கிறார்களே, ஐயா?

பதில்: அந்த அச்சம் பழைய டிஸ்க்குகளைப் பற்றியது. நீங்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று: பழுதானது என்று டிஸ்க் தானே ஒதுக்கிவைத்த பகுதிகளை மேலெழுதும் மென்பொருள் தொடுவதே இல்லை. 35 முறை எழுதினாலும் அவை அப்படியேதான் இருக்கும்.

கேள்வி (ஈரோடு): என்னுடையது எஸ்.எஸ்.டி. இதே முறைதானா?

பதில்: இல்லை, இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை, தரவு சிப்புகளில் இருக்கிறது. சிப்புகள் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக, நீங்கள் எழுதுவதை எஸ்.எஸ்.டி. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வைக்கிறது. இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. ஆகவே மேலெழுதி அழித்ததாக நீங்கள் நம்பும் பழைய பிரதி எங்கோ ஒரு மூலையில் தங்கிவிடலாம். பயாஸிலோ (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) தயாரிப்பாளரின் மென்பொருளிலோ உள்ள, டிரைவே தன்னை அழித்துக்கொள்ளச் சொல்லும் செக்யூர் இரேஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஆனால் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் சோதித்தபோது, அழித்துவிட்டேன் என்று அறிவித்த ஒரு டிரைவில் தரவு முழுவதும் அப்படியே இருந்தது. அதனால்தான், வாங்கிய அன்றே பிட்லாக்கர் (விண்டோஸ்) அல்லது ஃபைல்வால்ட் (மேக்) கொண்டு குறியாக்கம் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுங்கள் என்று மன்றாடுகிறேன். சாவி அழிந்தால், மிஞ்சுவது யாருக்கும் பயன்படாத எழுத்துக்குவியல்தான். நகலைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி (சேலம்): ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டேன். விற்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கோவை): டி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால்?

பதில்: இதற்கும் முதல் பதில்தான். சி டிரைவில்தான் உலாவி சேமித்த கடவுச்சொற்கள் இருக்கின்றன.

கேள்வி (வேலூர்): கைபேசிக்கு என்ன வழி?

பதில்: அது என் துறை அன்று, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை): தம்பி, கடைக்காரரே அழித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. பேரப் பிள்ளைகளின் படங்களை வேறொரு டிஸ்குக்கு மாற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு, தெரிந்த பிள்ளை ஒருவரை விட்டு உள்ளே இருக்கும் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இல்லாமலே விற்கலாம். சில நூறு ரூபாய் குறைந்தால் குறையட்டும்.

கேள்வி (நாகர்கோவில்): மடிக்கணினி உயிர் பெறவே இல்லை. அப்படியே போட்டுவிடலாமா?

பதில்: கணினி செத்தாலும் டிஸ்க் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பு வடத்தில் மாட்டி அழியுங்கள். டிஸ்கும் சுழலவில்லை என்றால் தட்டுகளைத் துளையிடுங்கள்; எஸ்.எஸ்.டி. என்றால் ஒவ்வொரு சிப்பையும் உடைக்க வேண்டும். மடிக்கணினி டிஸ்க்குகள் பலவற்றின் தட்டு கண்ணாடியால் ஆனது, சிதறும். கண்ணுக்குக் காப்பு அணியாமல் துளைப்பானைத் தொடாதீர்கள்.