ரூட்டை விட்டு விலகணும், நண்பனை விட மனசு வரல

வணக்கம் மேடம்,

எனக்கு வீடு காசிமேடு. சிட்டிக்குள்ள ஒரு அரசு கல்லூரியில பி.ஏ. ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி ஏறின முதல் ஆள் நான்தான். அப்பா விசைப்படகுல தொழிலுக்குப் போறார், அம்மா மீன் விக்குது.

முதல் வருஷம் கல்மண்டபத்துல பஸ் ஏறின அன்னிக்கே சீனியருங்க "எந்த காலேஜ்?"னு கேட்டாங்க. சொன்னதும் தோள்ல கை போட்டு பின்னாடி கூட்டிட்டுப் போயிட்டாங்க. அன்னிலேர்ந்து நான் ரூட்டு பையன், அதாவது ஒரே பஸ் ரூட்டுல சேர்ந்து போற எங்க காலேஜ் பசங்க கூட்டத்துல ஒருத்தன். தினமும் பஸ் ஸ்டாப்புல கூடுறது, படிக்கட்டுல தொங்குறது, பஸ்ஸைத் தட்டிக்கிட்டு கானா பாடுறது, காலேஜ் பேரைச் சொல்லிக் கத்துறது. அப்போ ஜாலியா இருந்துச்சு. கிளாஸ்ல எல்லாம் இங்கிலீஷ்ல நடத்துவாங்க, ஒண்ணும் புரியாது. பஸ்ல மட்டும்தான் நானும் ஒரு ஆள்னு தோணும்.

இந்த வருஷம் எல்லாம் மாறிடுச்சு. வேற காலேஜ் பசங்களோட ரெண்டு தடவை சண்டை. நான் அடிக்கல, ஆனா அங்க இருந்தேன். போன மாசம் எங்க ரூட்டுக்குத் தலைவரா இருக்கிற 'தல' ஒரு பையைக் கொடுத்து "ஒரு நாள் உன் வீட்டுல வச்சிரு"ன்னார். நான் திறந்து பாக்கல, மறுநாள் வாங்கிட்டுப் போயிட்டாங்க. உள்ள என்ன இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும் மேடம். அன்னிலேர்ந்து சரியாத் தூக்கம் இல்ல. ராத்திரி 2 மணி வரைக்கும் ரூட்டு குரூப் மெசேஜைப் பாத்துட்டே இருக்கேன். பஸ் வர்ற சத்தம் கேட்டா நெஞ்சு படபடன்னு அடிக்குது. ரெண்டு அரியர் வேற. எனக்கு போலீஸ் எஸ்.ஐ. ஆகணும்னு ஆசை. அதை நினைச்சாலே சிரிப்பா வருது.

விலகிடலாம்னு பாத்தா ஒருத்தன் இருக்கான். ஒன்பதாவதுலேர்ந்து என்கூடப் படிக்கிறவன். காலேஜ் சேர்றப்போ மீன்பிடித் தடைக்காலம் அப்பதான் முடிஞ்சிருந்துச்சு, வீட்டுல காசு இல்ல. ஃபீஸுல குறைஞ்ச 1,500 ரூபாயை அவன்தான் கேட்டரிங் வேலைக்குப் போன காசுல கட்டினான். அவன் இப்போ தலக்கு வலது கை மாதிரி. நான் போயிட்டா அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவனையும் வெளிய கூட்டிட்டு வர முடியுமா? பஸ்ஸை அலங்கரிச்சுக் கொண்டாடுற பஸ் டே வருதுன்னு ஆளுக்கு 300 ரூபா வசூல் பண்றாங்க, அதைக் கொடுக்கணுமா?

— பெயர் வேண்டாம், சென்னை-13

அன்புத் தம்பிக்கு,

பையிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது, அதற்குத்தான் இல்லை.

ஒரு முறை வாங்கி வைத்தவனிடம் இன்னொரு முறையும் கொடுப்பார்கள். அடுத்த முறை கேட்கும்போது யோசிக்க உங்களுக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. அதனால் பதிலை இன்றே தயார் செய்து, வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். "வேணாண்ணா, எங்கம்மா என் பேக்கு, பரண் எல்லாம் குடையும்." அவ்வளவுதான். இது கொள்கைப் பேச்சு இல்லை, யாரையும் குறை சொல்லவில்லை, எதிர்த்துப் பேசவும் இடம் தரவில்லை. "சரி, உன் பேக்குலயாவது வச்சிக்கோ" என்றால் அதே வாக்கியத்தையே திரும்பச் சொல்லுங்கள். புதுக் காரணம் தேடாதீர்கள். ஒவ்வொரு புதுக் காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். கையில் திணித்தால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

"நான் அடிக்கல, ஆனா அங்க இருந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மனசாட்சிக்கு அது பெரிய வித்தியாசம். சட்டத்துக்கு அந்த அளவு இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ குற்ற நோக்கத்தோடு சேர்ந்தால் அது சட்டவிரோதக் கூட்டம் (பிரிவு 189). அந்த நோக்கத்துக்காகக் கூட்டத்தில் ஒருவர் செய்யும் குற்றத்துக்கு, அந்த நேரம் அதில் இருந்த ஒவ்வொருவரும் பொறுப்பு (பிரிவு 190). எஸ்.ஐ. தேர்வில் எழுத்தும் உடற்தகுதியும் தாண்டிய பிறகு முன்நடத்தை விசாரணை வரும். வழக்கில் சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவர்களுக்குக்கூட அங்கே சிக்கல் வருகிறது. பயமுறுத்த இதை எழுதவில்லை. இன்றைய தேதியில் உங்கள் மேல் வழக்கு இல்லை என்றால் அந்த ஆசைக்குக் குறுக்கே இன்னும் எதுவும் நிற்கவில்லை. சிரிக்க வேண்டிய ஆசை இல்லை அது.

இனி விலகுவது. உங்களை அங்கே பிடித்து வைத்திருப்பது தலயின் மிரட்டல் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நட்பு உருவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். உங்கள் கணக்கைப் போடுங்கள். ஸ்டாப்பில் நிற்பதையும் பயணத்தையும் சேர்த்துப் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைப்போம். மாதம் 20 கல்லூரி நாள் என்றால் 40 மணி நேரம். ஐந்தே மாதத்தில், அதாவது ஒரு செமஸ்டரில், 200. வகுப்பில் யாரோடும் அத்தனை நேரம் நீங்கள் பேசியதில்லை. பாடம் புரியாமல் ஊமையாக உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்கு இந்த 200 மணி நேரத்தை ஒரு பஸ்தான் கொடுத்தது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தை வெறுமனே வெட்டிவிட்டால் அதன் இடத்தில் பள்ளம் விழும், பத்தே நாளில் திரும்பிப் போய்விடுவீர்கள். விலக முயல்பவர்களில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். மிரட்டலுக்குப் பயந்து போவதைவிட, பேச ஆளில்லாமல் போவது அதிகம்.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது பஸ்ஸின் நேரம். உங்கள் பாஸ் அதே வழித்தடத்தில் முந்தைய பஸ்ஸுக்கும் செல்லும். முக்கால் மணி முன்னால் கிளம்பினால் ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்திருக்காது. ஏறியதும் முன்பக்கம் போய் வலது வரிசையில் உட்காருங்கள். ரூட்டு கூடும் இடம் பின்படிக்கட்டு. மாலையில்தான் கஷ்டம், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு முடியும். லைப்ரரியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். மின்சார ரயிலுக்கு மாறலாம் என்று யோசித்தால், அந்தத் தடத்திலும் ரூட்டு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். மெட்ரோ தினமும் கட்டுப்படியாகாது, பிரச்சினை சூடாக இருக்கும் ஓரிரு நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடமும் "நான் விலகுறேன்" என்று அறிவிக்காதீர்கள். அறிவித்தால் அது தலக்கு விடுத்த சவாலாகிவிடும், பத்துப் பேர் முன்னால் அவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மெதுவாகக் காணாமல் போகிறவனை யாரும் அவ்வளவு துரத்துவதில்லை. காரணம் கேட்டால் உண்மையையே சொல்லுங்கள். "ரெண்டு அரியர் மச்சான், வீட்டுல தெரிஞ்சு போச்சு, காலையில லைப்ரரி போறேன்." அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று கதை கட்டினால் நாளைக்கு ஒருவன் வீட்டுக்கே நலம் விசாரிக்க வருவான், காசிமேட்டில் அது நடக்கும். வாக்கியம் உண்மையாக இருக்க, வீட்டில் இந்த வாரமே அரியரைச் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து இப்போதே வெளியேறாதீர்கள், அட்மின்களுக்கு உடனே தெரிந்துவிடும். ம்யூட் செய்து ஆர்க்கைவில் தள்ளுங்கள். எதையும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம், கத்தியோடு வரும் ரீல்ஸுக்கு ஒரு லைக்கூட வேண்டாம். நீங்கள் அட்மினாக இருந்தால் அதை மட்டும் உடனே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சத்தமில்லாமல் வெளியே வரலாம்.

முதல் மூன்று வாரம் கேலி இருக்கும். பயந்தாங்கொள்ளி, படிப்ஸ், துரோகி எல்லாம் வரும். சிரித்துவிட்டு நகருங்கள். செய்யக் கூடாத ஒரே காரியம், நச்சரிப்பு தாங்காமல் "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று போவது. ஒரு முறை போனாலும், நச்சரித்தால் வருவான் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள், அடுத்த முறை இரண்டு மடங்கு நச்சரிப்பார்கள். இதில் வயதுக்கும் பங்கு உண்டு. 2005-ல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 306 பேருக்குக் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தனியாக ஆடினாலும் நண்பர்கள் பார்க்க ஆடினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓட்டினார்கள். 18 முதல் 22 வரையில் இருந்தவர்கள் நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது கூடுதல் ஆபத்தை இழுத்துக்கொண்டார்கள், அவர்களைவிடச் சின்னப் பையன்கள் இன்னும் அதிகமாக. அங்கே போய்விட்டு அடக்கமாக இருந்துகொள்வேன் என்று இந்த வயதில் நம்ப வேண்டாம். போகாமல் இருப்பது அதைவிட எளிது.

கேலி மிரட்டலாக மாறினால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். யார், எங்கே, எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி வையுங்கள். துறையில் உங்களுக்கு நம்பிக்கையான ஒரு பேராசிரியரிடம் சொல்லுங்கள். சீனியர் மிரட்டுவது ராகிங்கில் சேரும், யு.ஜி.சி.யின் 1800-180-5522 எண்ணில் புகார் செய்யலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரையோ வெட்டப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் 112-க்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் நண்பன் அதில் இருந்தாலும் சொல்லுங்கள், அவன் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கொலை வழக்கில் சிக்குவதைவிட வழியில் தடுக்கப்படுவது அவனுக்கு எவ்வளவோ மேல்.

அந்த நண்பனிடம் வருகிறேன். உங்கள் நட்பு ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது, ரூட்டு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நீங்கள் போவது ரூட்டை விட்டு, அவனை விட்டு அல்ல. இதை அவனிடம் வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது நல்லது. வாரம் ஒரு முறை, ரூட்டுப் பையன்கள் யாரும் இல்லாத இடத்தில் அவனைத் தனியாகப் பாருங்கள். ஞாயிறு காலை உங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடலாம், தெருவில் ஒரு ஆட்டம் கேரம் போடலாம். ஒரு மாதம் தவறாமல் இப்படிப் பார்த்தால் "நீ மாறிட்ட" என்ற பேச்சுக்கு வேலை இருக்காது.

அவனையும் வெளியே கூட்டி வர முடியுமா? சொற்பொழிவால் முடியாது. நீங்கள் தலயைக் குறை சொல்லச் சொல்ல, அவன் தலக்காக வாதாடுவான், வாதாட வாதாட அந்தப் பக்கமே இன்னும் ஒட்டிக்கொள்வான். அதற்குப் பதில் கேள்வி கேளுங்கள். "டிகிரி முடிச்சிட்டு என்னடா பண்ணப் போற?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பதிலை நீங்கள் நிரப்பாதீர்கள். கேட்டரிங் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டத் தெரிந்த பையன் அவன், கணக்குப் போடத் தெரியாதவன் இல்லை. ஒரு சண்டைக்குப் பிறகோ, போலீஸ் வீட்டுக்கு வந்து போன பிறகோ, அவனே ஆடிப்போய் உட்காரும் ஒரு நாள் வரலாம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அன்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நாளைக்கு என்கூட முன்பஸ்ல வா" என்றால் போதும். அவன் வராமலும் போகலாம். அது உங்கள் தோல்வி ஆகாது.

அந்த 1,500 ரூபாயை இப்போது திருப்பிக் கொடுக்காதீர்கள். விலகும் நேரத்தில் கொடுத்தால் கணக்கை முடித்துவிட்டுப் போகிறான் என்றே அவனுக்குப் படும். தனியாக எடுத்து வையுங்கள். அவனுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும்போது கேட்காமல் கட்டிவிடுங்கள்.

வகுப்பிலும் ஒரு ஆள் வேண்டும். இங்கிலீஷில் தடுமாறுபவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, பின்பெஞ்சில் பாதிப் பேர் அப்படித்தான். அதில் ஒருவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மதிய இடைவேளையில் அன்றைய பாடத்தைத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். தினமும் அரை மணி என்றாலும் மாதம் 10 மணி நேரம் ஆகிறது. ஒரு செமஸ்டரில் ஹால் சொன்ன 50 மணி வந்துவிடும், அரியருக்கும் அதுவே தயாரிப்பு.

தூக்கத்துக்கு முதல் வேலை, 10 மணிக்கு மேல் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவது. அலாரத்துக்குப் பழைய கடிகாரம் போதும். பஸ் சத்தத்துக்கு நெஞ்சு அடிப்பது, பார்த்ததை உடம்பு மறக்கவில்லை என்பதால். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். நேரம் மாற்றிப் போகத் தொடங்கியபின் அது குறைய வேண்டும். இரண்டு வாரம் ஆகியும் குறையவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போல எண்ணம் வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உங்கள் வீட்டிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனையும் தூரமில்லை, காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும்.

கடைசியாக அந்த 300 ரூபாய். கொடுக்காதீர்கள். பஸ் டேக்குத் தடை இருக்கிறது, வசூல் பட்டியலில் பெயர் இருந்தால் அன்று நீங்கள் வீட்டில் படுத்திருந்தாலும் கேள்வி வரும். "அரியர் ஃபீஸ் கட்டணும்ணா, கையில காசு இல்ல" என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன்பே அந்த ஃபீஸைக் கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள். அன்று கல்லூரிக்கும் போக வேண்டாம், வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.