கியர்பாக்ஸ் எச்சரிக்கை: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் கியர்பாக்ஸ் எச்சரிக்கைதான் அதிகம். பலருக்கும் பணிமனையில் சொன்ன முதல் வார்த்தையே "கியர்பாக்ஸ் மாத்தணும் சார்" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி: பத்து நாள் நிறுத்தி வைத்திருந்த காரை ஸ்டார்ட் செய்ததும் கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங் மூன்றுக்கும் எச்சரிக்கை வந்தது. அரை மணி நேரம் ஓட்டியதும் எல்லாம் மறைந்துவிட்டது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

மாற்ற வேண்டாம். சம்பந்தமில்லாத மூன்று பகுதிகள் ஒரே நொடியில் சேர்ந்து கெட்டுப்போகாது. மூன்றுக்கும் பொதுவானது மின்சாரம். ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் ஆன் செய்யாமல் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் எடுக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

பேட்டரி நன்றாக இருந்தாலும் இன்னொன்று பாக்கி இருக்கிறது: பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் காரின் உலோக உடம்போடு இணைக்கும் எர்த் கம்பி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வையுங்கள், மறுமுனையைக் கியர்பாக்ஸின் உலோக உடம்பில் வைத்துவிட்டு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டினால் கம்பி சரியில்லை. என் சொந்த வண்டியிலேயே இதை விட்டுவிட்டு, இரண்டு நாள் சென்சார் சென்சாராக அலைந்திருக்கிறேன். கடைசியில் எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பொடி, களிம்பு பிடித்த செம்புப் பாத்திரம் மாதிரி. உப்புத்தாளில் தேய்த்து முறுக்கியதும் வேலை முடிந்தது. இரண்டு நாள் அலைச்சலுக்கு ஐந்து நிமிட வைத்தியம்!

கேள்வி: காரின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றை நானே வாங்கிப் பார்த்தேன். பி 0700 என்று மட்டும் வருகிறது. இது என்ன நோய்?

நோயே இல்லை, தகவல் மட்டும்தான். "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அதைப் போய்க் கேள்" என்று என்ஜின் கம்ப்யூட்டர் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். விலை குறைந்த ஸ்கேனர்கள் என்ஜினோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அங்கே பி 0715 என்றிருந்தால் உள்ளே வரும் சுழற்சியை அளக்கும் சென்சார் அல்லது அதன் வயரிங். பி 0720 என்றால் வெளியே போகும் சுழற்சியை அளப்பது. பி 0730 வந்தால் இரண்டு சுழற்சிக்கும் உள்ள விகிதம் போட்ட கியரோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். எங்கோ வழுக்குகிறது, அல்லது சென்சார் பொய் சொல்கிறது. யு 0101 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அப்போது ஃபியூஸ், வயரிங், பிளக் இவற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: அந்தக் கோளாறு எண்ணை அழிப்பதற்கு முன், அதோடு சேமிக்கப்பட்ட விவரங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நொடியில் வேகம், ஆயில் சூடு, வோல்டேஜ் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். "அழிச்சுப் பார்ப்போம், திரும்ப வருதான்னு" என்கிற மெக்கானிக் சாட்சியை விரட்டிவிட்டு விசாரணை நடத்துகிறார்.

கேள்வி: என் போர்ஷே 911, பி.டி.கே. கியர்பாக்ஸ். சில நாட்களாக ரிவர்ஸ் விழ மறுக்கிறது. முன்னால் போகும்போதும் சில கியர்களைத் தாண்டிக் குதிக்கிறது. கிளட்ச் போய்விட்டதா?

எந்தெந்த கியர் விழவில்லை என்று முதலில் எழுதி வையுங்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பி.டி.கே. போன்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் என்பது ஒரே கூட்டுக்குள் இரண்டு கியர்பாக்ஸ் மாதிரி. 1, 3, 5, 7 ஒரு கிளட்ச்சின் பொறுப்பு, 2, 4, 6 மற்றதன் பொறுப்பு. உங்கள் வண்டியில் ரிவர்ஸ் ஒற்றைப்படைப் பக்கம் சேர்ந்தது. ஒரு பக்கம் முழுக்கப் போயிருந்தால் அந்தக் கிளட்ச்சையோ அதற்கான ஆயில் அழுத்தத்தையோ பார்க்க வேண்டும். ரிவர்ஸோடு ஒன்றிரண்டு கியர் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தால், என் சந்தேகம் கிளட்ச் மேல் இல்லை. கியரை நகர்த்தும் ஃபோர்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று அளக்கும் சென்சார் ஒன்று உள்ளே இருக்கிறது. இந்த கியர்பாக்ஸில் அது பேர்போன சங்கடம். ஃபோர்க் நகர்ந்திருக்கும், சென்சார் நகரவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டர் பயந்துபோய் அந்த கியரையே தடை செய்துவிடும்.

ஆரம்ப காலத்தில் உள் பாகங்கள் தனியாகக் கிடைக்காததால் முழு கியர்பாக்ஸையே மாற்றினார்கள். இப்போது சென்சாரை மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கியர்பாக்ஸைத் திறக்க வேண்டிய வேலைதான், ஆனாலும் புதிய கியர்பாக்ஸின் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது. அப்புறம், இதில் ஆயில் இரண்டு வகை: கியர்களுக்கு ஒன்று, கிளட்ச்சுக்கும் ஹைட்ராலிக்குக்கும் இன்னொன்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஊற்றிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: பழைய ஃபெராரி, எஃப்1 கியர். கதவைத் திறந்தாலே பின்னால் 'உய்ங்' என்று ஒரு சத்தம் வரும். இப்போது ஓடும்போதும் அடிக்கடி கேட்கிறது. கூடவே எச்சரிக்கை விளக்கு.

அந்தச் சத்தம் ஹைட்ராலிக் பம்ப். 1997இல் 355 மாடலில் வந்த முறை இது. சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆயில் அழுத்தம் இயக்குகிறது. அந்த அழுத்தத்தைச் சேர்த்து வைப்பது அக்குமுலேட்டர் என்ற உருண்டை. உள்ளே ஒரு சவ்வு, அதற்குப் பின்னால் நைட்ரஜன். வாயு கசிந்துவிட்டால் சேமிப்பு இருக்காது, பம்ப் ஓயாமல் ஓட வேண்டியதுதான். என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்தபடி கியர் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பம்ப் எழுந்தால் அக்குமுலேட்டர் முடிந்தது. கையோடு பம்ப்புக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் ரிலேயையும் மாற்றிவிடுங்கள். ஓயாத வேலையில் அது சூடேறிக் கருகும், ஒட்டிக்கொண்டுவிட்டால் பம்ப்பையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அக்குமுலேட்டரையும் ரிலேயையும் விட்டுவிட்டுப் பம்ப்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்ப்பும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

கேள்வி: எட்டு கியர் ஆட்டோமேட்டிக். "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்றார்கள். 1,10,000 கிலோமீட்டரில் இப்போது கியர் விழும்போது இடிக்கிறது.

யாருடைய ஆயுள் என்று அவர்களைக் கேளுங்கள். இத்தகைய கார்கள் பலவற்றுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதற்குக் குறித்த ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். அளவை என்ஜின் ஓடும்போது, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கையில் பார்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் பார்த்து மூடினால் ஆயில் குறைவாகவே நிற்கும், இடிப்பும் போகாது.

கேள்வி: எச்சரிக்கை வந்தபின் வீடு வரை ஓட்டலாமா?

ஒரே கியரில் சிக்கி மெதுவாகப் போகிறது, வேறு தொல்லை இல்லை என்றால் பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடம் வரை போகலாம். ஆயில் சூடு எச்சரிக்கை, கருகல் வாடை, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்துவது, இதில் எது இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரியை வரவழையுங்கள்.

கேள்வி: பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எச்சரிக்கை போய்விடுகிறது. தினமும் அப்படியே செய்து ஓட்டலாமா?

தினமும் காலையில் பானட்டைத் திறக்கிற பொறுமை இருக்கிறவருக்கு, ஒரு நாள் உட்கார்ந்து கோளாறு எண்ணைப் படிக்கிற பொறுமையும் இருக்கும். இன்று அதைச் செய்யுங்கள், அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.